பினாங்கில் வாடகைக் கார்: மதுரையில் ஓட்டியவருக்கு இது ஒரு பொருட்டா?

கேள்வி, மதுரையிலிருந்து ஒரு வாசகர்:
தைப்பூசத்துக்கு அம்மா, மனைவி, நான்கு வயது மகளுடன் பினாங்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. விமான நிலையத்திலேயே கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம் என்று நினைக்கிறேன். பதினைந்து வருடமாக மதுரையில் ஓட்டுகிறேன். பினாங்கிலும் சாலையில் இடப்பக்கம்தான், ஸ்டியரிங் வலப்பக்கம்தான். மதுரையில் ஓட்டியவனுக்குப் பினாங்கு ஒரு பொருட்டா, அண்ணா?

4 ஜனவரி 2026, இரவு 10.40

ஓட்டலாம் தம்பி. ஆனால் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குள் ஓட்டுவதற்காகக் கார் எடுக்காதீர்கள். பழைய நகரத்தின் தெருக்கள் மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் போட்டவை. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி என்பதால் அகலப்படுத்தவும் முடியாது. பல தெருக்கள் ஒருவழிப் பாதை. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் கோயில் கண்ணெதிரே தெரியும், போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் கைப்பேசியில் கூப்பிட்டால் வரும் வாடகை வண்டியே போதும்.

தீவின் மறுபக்கம் போகவேண்டுமென்றால் கார் எடுங்கள். பத்து பெரிங்கி கடற்கரை, தெலுக் பஹாங், அங்கிருந்து மலை வளைவுகளில் ஏறி இறங்கினால் பாலிக் புலாவ். அம்மாவை நடக்க வைக்காமல் இதையெல்லாம் காட்டலாம்.

கொண்டு வரவேண்டியவை: இந்திய உரிமம், அதோடு ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஒரு வருடம் செல்லும். இரண்டையும் அசலாக எடுத்து வாருங்கள்.

டோலுக்கு 'டச் அண்ட் கோ' அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தீர்ந்தால் டோல் சாவடியிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

5 ஜனவரி, காலை 6.15

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. சாவடியில் பணம் ஏற்றுவது பழைய நாள் வழக்கம், இப்போது அதை நம்பிப் போகாதீர்கள். பெட்ரோல் நிலையத்திலோ இருபத்துநான்கு மணி நேரக் கடையிலோ முன்னதாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் கார் எடுத்தால் பாலம் ஏறாமலேயே ஜார்ஜ்டவுன் போய்விடலாம், டோல் கிடையாது. பெருநிலத்துக்குப் போய்த் திரும்பும்போதுதான் அட்டை தேவைப்படும். பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கி வரும்போது மட்டுமே கட்டணம், காருக்கு 5 ரிங்கிட் 74 சென். தீவிலிருந்து வெளியேற எதுவும் இல்லை.

5 ஜனவரி, மதியம்

இன்னொன்று. படகில் காரை ஏற்றிப் பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த் போகலாம் என்று பழைய பயணக் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும்தான் போகலாம். காருக்கு இரண்டு பாலங்கள் மட்டுமே: 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பழைய பாலம், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம். பழையது ஊருக்குப் பக்கம். இரண்டாவது தெற்கே பத்து மாவுங்கிலிருந்து கிளம்புகிறது, விமான நிலையத்துக்கு அருகில்.

அந்தப் பழைய படகில் காரோடு ஏறி, கதவைத் திறந்து இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கால் மணி நேரம் எங்களுக்கெல்லாம் ஒரு திருவிழா. என் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். பேரன் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

7 ஜனவரி, இரவு

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. 'மதுரையில் ஓட்டியவனுக்குப் பினாங்கு ஒரு பொருட்டா?' இரண்டு நாளாக அது மனத்தில் உறுத்துகிறது.

இடப்பக்கம் ஓட்டுவது ஒன்றுதான், வண்டியின் அமைப்பும் ஒன்றுதான். லிட்டில் இந்தியாவில் இறங்கினால் மல்லிகைப்பூ வாசம் வரும், கடைக்காரர் தமிழில் கூப்பிடுவார். அதனால்தான் பயமாக இருக்கிறது. எல்லாம் நம் ஊர் போலவே இருப்பதால் கையும் காலும் நம் ஊர்ப் பழக்கத்திலேயே இயங்கும்.

வேறுபாடு ஹாரனில் இருக்கிறது. நம் ஊரில் ஹாரன் அடிப்பது சண்டைக்கு இல்லை. 'நான் வருகிறேன், உன் பக்கத்தில் இருக்கிறேன்' என்று சொல்வது. லாரியின் பின்னாலேயே 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கும். ஆகவே ஓட்டுபவர் காதால் ஓட்டுகிறார். பின்னால் சத்தம் இல்லையென்றால் யாரும் இல்லை என்று பொருள். இங்கே யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். உங்கள் இடது தோள் அருகே ஒரு மோட்டார் வந்துகொண்டிருக்கும், சிறு சத்தமும் இராது. (நாங்கள் மோட்டார் என்றால் மோட்டார்சைக்கிள்.) அவர் உங்களை நம்பி வருகிறார். நீங்கள் கண்ணாடியைப் பார்ப்பீர்கள், இண்டிகேட்டர் போடுவீர்கள், அதன் பிறகே திரும்புவீர்கள் என்று நம்பி வருகிறார்.

காதால் ஓட்டிய பழக்கத்தை விட்டுக் கண்ணால் ஓட்டப் பழகவேண்டும். பதினைந்து வருட அனுபவம் இதற்கு உதவாது தம்பி. அதுவே தடையாகவும் இருக்கும்.

7 ஜனவரி, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

2017இல் என் மகள் திருமணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். நல்ல ஓட்டுநர், நிதானமான பிள்ளை. வாடகைக் காரை அவன் ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை அருகே, மாலை ஷிப்டு முடியும் நேரம். பெட்ரோல் நிலையத்துக்குள் போக இடப்பக்கம் ஒடித்தான். இண்டிகேட்டர் போட்டான், ஆனால் திரும்பிக்கொண்டே போட்டான். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

என் பக்கத்துக் கதவில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு பெண், இருபது வயது இருக்கும். தொழிற்சாலைச் சீருடை, அதன் மேல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தாள். இங்கே மோட்டார் ஓட்டுபவர்கள் காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க அப்படித்தான் அணிவார்கள். அவள் வண்டியின் கண்ணாடி எங்கள் கதவில் மோதித் திரும்பியிருந்தது. விழவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கியதை நான் ஓர் அடி தூரத்தில் பார்த்தேன். நான் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டேன். 'தாக் ஆப்பா' என்றாள். பரவாயில்லை என்று பொருள். தன் கண்ணாடியை நேராக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அக்கா மகன் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, 'மாமா, அவள் ஒரு ஹாரன் அடித்திருக்கலாமே' என்றான். குறையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டான். அந்தக் கேள்வியை நினைத்துத்தான் மேலே உள்ளதை எழுதினேன்.

நானே பதினொரு வருடம் பெருநிலத்தில் உள்ள பிரையிலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் பாலத்தின் மேல் மோட்டாரில் வேலைக்குப் போய் வந்தவன். நடுப்பாலத்தில் பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது வண்டி தானாக நகரும். அப்போது காரில் போகிறவரின் கண் நம் மேல் படுகிறதா என்பது மட்டுமே நமக்குக் காவல். 2019 ஜனவரியில் மோட்டாருக்கு டோலை நீக்கினார்கள். அன்று நான் ஓய்வு பெற்றிருந்தாலும் மனம் நிறைந்தது.

9 ஜனவரி

தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார்: 'பயமுறுத்திவிட்டீர்கள் அண்ணா, கார் வேண்டாமென்று விட்டுவிடட்டுமா?' வேண்டாம், எடுங்கள். மூன்று நாளில் பழகிவிடும். முதல் நாள் மாலை எங்கும் போகாமல், காலியான வாகன நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் சுற்றுங்கள்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மைவி, பெஸ்ஸா, சாகா. எல்லாம் ஆட்டோமேட்டிக், கிளட்ச் கிடையாது. கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால் சும்மா இராது. வண்டி வேகம் குறையும்போது அது தானாக எழுந்து கிளட்சைத் தேடும், பிரேக் அகப்படும், கிளட்சை மிதிக்கும் பலத்தோடு அதை மிதிக்கும். பின்னிருக்கையில் இருப்பவர் முன்னிருக்கையில் முட்டுவார். அக்கா மகன் முதல் நாள் இரண்டு முறை அப்படிச் செய்தான். இடது காலை இருக்கையோடு ஒட்டி மடக்கி வைத்துவிடுங்கள்.

10 ஜனவரி

சிறு சிறு செய்திகள், கேட்ட வரிசையில்.

மகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம், 2020 முதல் சட்டம். காரோடு சேர்த்து வாடகைக்குக் கேளுங்கள். பின்னிருக்கையில் அம்மாவும் பெல்ட் போடவேண்டும், அது 2009 முதல். வேகம்: விரைவுச்சாலையில் 110, பாலத்தில் 80. கேமரா உண்டு. நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அபராதச் சம்மன் வந்தால் வாடகை நிறுவனம் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் பதியவேண்டும். சிறிய உரசல்தானே என்று விட்டுவிடாதீர்கள், காப்பீடு கேட்கும்போது அந்தத் தாள் வேண்டும்.

சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்புவது நம் ஊர் போல் இலவசம் இல்லை. தனித் திருப்பு வழி இருந்தால் போகலாம். இல்லையென்றால் நில்லுங்கள்.

பெட்ரோல் நீங்களே போடவேண்டும். முதலில் உள்ளே கவுன்ட்டரில் பம்ப் எண்ணையும் தொகையையும் சொல்லிப் பணம் கட்டுங்கள், பிறகு வெளியே வந்து குழாயை எடுங்கள். மஞ்சள் கைப்பிடிதான் 95 ரகப் பெட்ரோல். விலை லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்.

11 ஜனவரி

விலையைத் திருத்துகிறேன். என் மைத்துனர் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். 1.99 என்பது எங்களைப் போன்ற மலேசியக் குடிமக்களுக்கு, அடையாள அட்டையைக் காட்டினால் மட்டும். 2025 செப்டம்பர் 30 முதல் அப்படி மாறிவிட்டது. வெளிநாட்டவர் மானியம் இல்லாத விலைதான் கொடுக்கவேண்டும். நான் என் அட்டையை வைத்து வாங்கும் விலையையே எழுதிவிட்டேன். யாராவது உள்ளூர்க்காரர் 'என் அட்டையில் போடுகிறேன்' என்று சொன்னாலும் ஏற்காதீர்கள். அது எங்கள் வரிப்பணத்தில் வரும் மானியம்.

14 ஜனவரி, இரவு

பொங்கல் வேலையில் இரண்டு நாள் எழுதவில்லை.

வழி கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பினாங்குத் தமிழரிடம் வழி கேட்டால் பழைய ஆங்கிலப் பெயரைத்தான் சொல்வார். பலகையில் மலாய்ப் பெயர் இருக்கும். 'கிரீன் லேன்' என்று நாங்கள் சொல்வது பலகையில் ஜாலான் மஸ்ஜித் நெகிரி. 'நார்தம் ரோடு' ஜாலான் சுல்தான் அகமது ஷா. தைப்பூசத்துக்கு நீங்கள் போகப்போகும் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் சாலையை 'வாட்டர்ஃபால் ரோடு' என்போம், பலகையில் ஜாலான் கெபுன் பூங்கா. இரண்டையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள்.

பலகைச் சொற்களில் சிலவும் தெரிந்தால் போதும். ஊத்தாரா வடக்கு, செலாத்தான் தெற்கு. சூசூர் கெலுவார் என்றால் வெளியேறும் வழி. செஹாலா ஒருவழி. பெர்ஹெந்தி நில். பூசாட் பண்டார் நகர மையம். லென்சோங்கான் என்றால் மாற்றுப்பாதை. தைப்பூச வாரத்தில் இந்தக் கடைசிச் சொல்லை எங்கும் பார்ப்பீர்கள்.

15 ஜனவரி

ஜார்ஜ்டவுனுக்குள் போகாதீர்கள் என்று முதல் நாள் எழுதியதற்கு வீட்டுக்காரி கோபித்துக்கொண்டாள். 'முழங்கால் வலி உள்ள அம்மா லிட்டில் இந்தியாவைப் பார்க்காமல் போகவேண்டுமா?' என்றாள். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். தெரு வெறிச்சென்று இருக்கும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், சூலியா தெரு எல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் பார்த்துக்கொண்டே போகலாம். நம் மக்கள் இருநூறு வருடம் நடந்த தெருக்கள் அவை. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பார். ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

ஆனால் 1 பிப்ரவரி தைப்பூசமும் ஞாயிறு. அன்று இந்த யோசனை செல்லாது. முந்தின நாளே வெள்ளி ரதமும் தங்க ரதமும் லிட்டில் இந்தியாப் பக்கமிருந்து தண்ணீர்மலைக்குக் கிளம்பிவிடும். வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள், சாலையை அடைப்பார்கள். அந்த மூன்று நாளும் காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

19 ஜனவரி

கோலாலம்பூருக்கும் இதே காரில் போகலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். ஏறக்குறைய 350 கிலோமீட்டர், நல்ல சாலை. ஈப்போவைத் தாண்டும்போது சுண்ணாம்புக் குன்றுகள் அழகு. கோலாலம்பூருக்குள் மட்டும் எச்சரிக்கை: ஒரு வெளியேறும் வழியைத் தவறவிட்டால் அடுத்த விரைவுச்சாலை உங்களை வேறு ஊருக்கே கொண்டுபோய்விடும். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் பெயரிட்ட சாலை வரை காரில் போய்ச் சேர்ந்துவிட்டால், மீதியை ரயிலில் பாருங்கள். பத்துமலைக்கும் ரயில் இருக்கிறது.

நெடுஞ்சாலை டோலில் முக்கியமான ஒன்று: நுழையும்போது தட்டிய அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தட்டவேண்டும். எங்கே ஏறினீர்கள் என்பது அந்த அட்டையில்தான் இருக்கிறது. ஒருமுறை ஜூரு டோல் சாவடியில் என் அட்டையைத் தட்டி ஏறினேன். வழியில் ஓய்வுத் தலத்தில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தோம். ஈப்போவில் வெளியேறும்போது கைக்கு அகப்பட்டது மனைவியின் அட்டை. தடுப்புக்கட்டை எழவில்லை. மீண்டும் தட்டினேன், எழவில்லை. உதவிப் பொத்தானை அழுத்திவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் ஐந்து வண்டிகள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கடைசியில் நின்றவர் அபாய விளக்கைப் போட்டுப் பின்வாங்கி வேறு வரிசைக்குப் போனார், அடுத்தவரும் அப்படியே. எனக்கு நேர் பின்னால் இருந்த லாரிக்காரர் இறங்கி வந்து, 'வேறு அட்டையா, அங்கிள்?' என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஹாரன் அடிக்காத ஊரின் நல்ல பக்கம் இது. 7ஆம் தேதி நான் கெட்ட பக்கத்தை மட்டும் எழுதியது போல் இருந்தது, அதனால் இதையும் சேர்க்கிறேன்.

24 ஜனவரி

காரை வாங்கும்போது விளக்கை ஏற்றி, சுற்றி வந்து, நான்கு சக்கரத்தின் விளிம்பையும் குனிந்து காணொளி எடுங்கள். மகள் திருமணத்தின்போது எடுத்த அதே காரில் சக்கர விளிம்புக் கீறலுக்காக முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் எங்களுடையது இல்லை என்று எனக்கு உறுதி. படம் இல்லாததால் வாயடைத்து நின்றேன். கதவில் அந்தப் பெண்ணின் மோட்டார் கண்ணாடி பட்ட தடத்தை நானாகவே காட்டினேன். அதற்கு அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

3 பிப்ரவரி

தம்பி வந்திருக்கிறார். தைப்பூசத்தன்று அம்மாவைத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மேலே 500 படிக்கு மேல், அவரால் ஏற முடியாது. கீழிருந்தே கும்பிட்டார். இன்று காலை பாலிக் புலாவ் போனோம், வெள்ளை மைவி. நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். கடைவீதிக்குள் இடப்பக்கம் திரும்பும் முன் இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், நின்றார். ஒரு மோட்டார் எங்களைக் கடந்து போயிற்று, பின்னால் காய்கறிக் கூடை. அதன் பிறகு திரும்பினார். இடது கால் மடங்கியே இருந்தது.

6 பிப்ரவரி

காரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. முன்பணம் முழுதும் வந்துவிட்டது. டச் அண்ட் கோ அட்டையில் 11 ரிங்கிட் மீதமிருக்கிறது. 'அடுத்து யாராவது வந்தால் கொடுங்கள்' என்று என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். வருகிறவர்கள் சொல்லுங்கள், எடுத்து வைத்திருக்கிறேன்.